கைராசி

கரிசல்காட்டுப் பக்கம் ஒரு டாக்டரைப் பற்றி விசாரிப்பவர்கள் அவர் எங்கே படித்தார், என்ன பட்டம் வாங்கினார் என்று கேட்பது குறைவு. "கைராசி எப்படி?" என்றுதான் கேட்பார்கள். பிரசவம் பார்க்கிறவருக்கு, ஊசி போடுகிறவருக்கு, விதை ஊன்றுகிறவருக்குக்கூட அந்தக் கேள்வி உண்டு. கண் டாக்டர் என்றால் சொல்லவே வேண்டாம். விழியில் கத்தி படுகிற காரியம். மயிரிழை பிசகினால் வெளிச்சம் போய்விடுமே என்கிற பயத்தில், நல்ல கை தேடிப் பல ஊர் தாண்டிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அதே கரிசல் மண்ணில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வடமலாபுரத்தில், 1918 அக்டோபர் 1 அன்று பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அவருடைய கையைப் பார்த்து யாரும் கைராசி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். முடக்குவாதம் அந்த விரல்களைத் திருகிப் போட்டிருந்தது. பேனா பிடிக்கவே முடியாமல் கிடந்த காலமும் உண்டு. அந்தக் கையால் அவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் அறுவை செய்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த அதிசயத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஒருவர் பார்வை பெறுவதற்கு இன்னொருவரின் கைராசியை நம்பியிருக்க வேண்டும் என்ற நிலையை மாற்றியதுதான் அந்தக் கை செய்த பெரிய வேலை. அது எத்தனை காலத்து நிலை என்று தெரிந்தால்தான் மாற்றத்தின் அளவு புரியும்.

கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் மங்கிப்போவதுதான் கண்புரை. தலைமுடி நரைப்பதுபோல வயதோடு வருவது. ஊரில் "கண்ணு மறைக்குது", "திரை விழுந்திருச்சு" என்பார்கள். சுசுருதர் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூல் இதற்கு ஒரு அறுவையைச் சொல்கிறது. கூரிய ஊசியைக் கண்ணின் வெள்ளைப் பகுதி வழியே செலுத்தி, மங்கிய லென்ஸை நடுவிலிருந்து அகற்றுவது. பிற்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிய கண் வைத்தியர்கள் அந்த லென்ஸைக் கண்ணின் அடிப்பகுதிக்குள் தள்ளிவிட்டார்கள். வாசலை அடைத்த கல்லை உருட்டிவிட்டதுபோல ஒளி உள்ளே வரும். நோயாளி விரல்களை எண்ணிச் சொல்வார், பணம் கைமாறும். சில நாளில் கண் சிவக்கும், சீழ் வைக்கும், அல்லது உள்ளழுத்தம் ஏறி மெல்ல அவியும். அதற்குள் வைத்தியர் அடுத்த ஊரில் இருப்பார். கைராசி என்ற சொல்லின் இருண்ட பக்கம் இது. பலித்த கண்ணை ஊரே பேசும். பலிக்காத கண்ணைக் கணக்கு வைக்க ஆளில்லை.

கணக்கு வைத்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள், கண்ணின் ஓவியங்களோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. நோயாளிக்கு என்ன இருந்தது, என்ன செய்தார்கள், பிறகு எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னையில் 1819-இல் தொடங்கி இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை, லண்டனின் மூர்ஃபீல்ட்ஸுக்குப் பின் எழுந்த உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், ஊசி வைத்தியர்களிடம் கண்ணைக் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பதிவு செய்து, அந்த முறையைப் பற்றி 1917-இல் ஒரு தனி நூலே எழுதினார். வெள்ளைக்கார அதிகாரியின் பார்வை அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பலிக்காத கண்களை யாரோ ஒருவர் எண்ணத் தொடங்கியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மங்கிய லென்ஸை வெளியே எடுத்துவிடும் முறையைப் பிரான்சின் ஜாக் டேவியேல் 1747-இல் தொடங்கிவைத்தார். அதற்குப் பின் இருநூறு ஆண்டுகளில் மயக்க மருந்து வந்தது, கிருமிநீக்கம் வந்தது, தையல் மெலிந்தது. ஆனால் எடுத்த இடம் காலியாகவே கிடந்தது. அந்தக் காலியிடத்தோடு வாழ்வது எப்படி என்பதை நான் என் அப்பத்தாவிடம் பார்த்திருக்கிறேன்.

1970-களின் தொடக்கம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வகுப்பறையில் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். தலை அசையக் கூடாது என்று இரு பக்கமும் மணல் மூட்டை. இருமினால் தையல் விட்டுவிடும் என்று பயமுறுத்தி வைத்திருந்ததால், அப்பத்தா தொண்டைச் செருமலை விழுங்கிக்கொண்டே ஒரு வாரம் கிடந்தார். கரும்பலகையில் யாரோ எழுதிய வாய்ப்பாடு அழிக்கப்படாமல் இருந்தது. கட்டுப் பிரித்த அன்று பார்வை வந்ததா என்றால், கண்ணாடி போட்ட பிறகுதான் வந்தது. அந்தக் கண்ணாடியை ஊரில் சோடாபுட்டி என்பார்கள். பத்துப் பவர் கனம். அதன் வழியே எல்லாப் பொருளும் கால்வாசி பெருத்து, அருகில் வந்ததுபோலத் தெரியும். அப்பத்தா தண்ணீர்ச் சொம்பை எடுக்கக் கை நீட்டினால் விரல் சொம்புக்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். வாசற்படியில் காலை வைக்கும்முன் நின்று யோசிப்பார். பக்கவாட்டில் வருகிற ஆள் திடீரென்று முளைத்ததுபோல எதிரே நிற்பார். ஆனாலும் பேரன் முகம் தெரிந்தது. அரிசியில் கல் தெரிந்தது.

இரண்டாம் வருஷம் வெள்ளாட்டுக் குட்டி துள்ளிய துள்ளலில் கண்ணாடி திண்ணையிலிருந்து விழுந்து உடைந்தது. முகாம் நடத்தியவர்கள் யாரும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. எங்கே போய்க் கேட்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து, வெற்றி என்று எங்கோ ஒரு ஏட்டில் ஏறியிருக்கும் அந்தக் கண்ணோடு, அப்பத்தா கடைசி நான்கு வருஷம் சுவரைத் தடவி நடந்தார். இன்றும் எனக்கு ஆறாத விஷயம் இது.

அந்தக் காலியிடத்தை நிரப்பும் வழி, அப்பத்தா முகாமுக்குப் போவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமான ஓட்டிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் தெறித்தன. அவை உள்ளேயே கிடந்தும் கண் அதை வெறுத்து வீங்கவில்லை. இதைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, அதே பொருளில் ஒரு லென்ஸ் செய்யச் சொல்லி, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1949 நவம்பர் 29 அன்று ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் மருத்துவர் வேலை, இவர் உள்ளே வைக்கிறாரே என்று அவருடைய துறைப் பெரியவர்களே அவரை ஒதுக்கினார்கள். அந்த லென்ஸ் உலகம் ஏற்கும் வழக்கமாக முப்பது ஆண்டுகளாயின. தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு வர இன்னும் கூடுதலாக.

ரிட்லி லண்டனில் அந்த லென்ஸைப் பொருத்திய அதே ஆண்டுகளில் வெங்கடசாமி சென்னையில் கண் மருத்துவம் கற்றுக்கொண்டிருந்தார். அது அவர் விரும்பி எடுத்த துறை இல்லை. சிறு வயதில் நெருங்கிய உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்துபோனதைப் பார்த்து, பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்தவர் அவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், பிறகு 1944-இல் ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம், அதன்பின் ராணுவ மருத்துவப் பணி. அங்கேதான் முடக்குவாதம் பிடித்தது. மாதக்கணக்கில் படுக்கை, எழுந்தபோது விரல்கள் பழைய விரல்களாக இல்லை. அந்தக் கையால் பிரசவம் பார்க்க முடியாது. கண்ணுக்கு வந்தார். தன் விரல் வளைவுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டார். கத்தியைப் பிடிப்பதிலிருந்து ஒவ்வொன்றையும், மற்றவர்களுக்கு இயல்பாக வருவதையெல்லாம், யோசித்து யோசித்துப் பழகினார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். திறமை கையிலேயே ஊறிய ஒருவரிடம் அதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "பார்த்துச் செய்ய வேண்டியதுதான்" என்பார். நல்ல தவில்காரரும் நல்ல கொத்தனாரும் அப்படித்தான் சொல்வார்கள். கை அறிந்ததை வாய் சொல்லத் தெரியாது. வெங்கடசாமிக்குக் கை எதையும் இலவசமாகக் கொடுக்கவில்லை. ஒவ்வோர் அசைவையும் பிரித்துப் பார்த்துத் தனக்கே கற்பித்துக்கொண்டவர் அவர். பிறருக்குப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கவும் அதனால்தான் முடிந்தது என்பது என் கணிப்பு.

1956-இல் மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் பிரிவுக்கும் மருத்துவக் கல்லூரியின் துறைக்கும் தலைவரானார். இருபது ஆண்டு அங்கே. 1960-களில் முகாம்களைத் தொடங்கிக் கிராமங்களுக்குப் போனார். 1973-இல் பத்மஸ்ரீ வந்தது. 1976-இல் ஓய்வு பெற்றார். கௌரவமான, நிறைவான அரசுப் பணி அதோடு முடிந்திருக்கலாம். அவர் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஒரு கண் ஆஸ்பத்திரி திறந்தார். பெயர் அரவிந்த், அவர் வழிபட்ட ஸ்ரீ அரவிந்தரின் பெயர். திருமணம் செய்துகொள்ளாமல் உடன்பிறந்தவர்களை ஆளாக்கியவர் அவர். அந்த உடன்பிறந்தவர்களே கூட வந்தார்கள். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி இருவரும் கண் மருத்துவர்கள். தம்பி சீனிவாசன் கட்டுமானத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். வீட்டை அடகு வைத்தார்கள், நகையை வைத்தார்கள். காசு கொடுக்க முடிந்தவர் கொடுக்கலாம், முடியாதவருக்கு இலவசம் என்பது முதல் நாளிலிருந்தே விதி.

அமெரிக்காவில் மெக்டொனால்ட் கடையைப் பார்த்துவிட்டு, கண் சிகிச்சையையும் இப்படி ஏன் செய்யக் கூடாது என்று அவர் கேட்டதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். கேட்பதற்கு உறுத்துகிற ஒப்பீடுதான். ஆனால் அவர் அங்கே பார்த்தது ரொட்டியை அல்ல. எந்த ஊர்க் கடையிலும், எந்தப் பையன் செய்தாலும், ஒரே பதத்தில் வருகிறதே, அதைப் பார்த்தார். ஒரு கண் எந்த ஊரில் இருந்தாலும், யார் கத்தி பிடித்தாலும், அதே பலன் கிடைக்க வேண்டும் என்றால் என்னென்ன வேண்டும்? அந்தக் கேள்வியின் விடையைத்தான் மிச்ச முப்பது ஆண்டும் கட்டினார்.

அரவிந்தின் அறுவை அறையில் அருகருகே இரண்டு மேசைகள். நடுவே டாக்டர். ஒரு மேசையில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே, அடுத்த மேசையில் நோயாளிக்குக் கண்ணைக் கழுவி, பச்சைத் துணி போர்த்தி, கருவித்தட்டு எடுத்து வைத்துத் தயாராக்கிவிடுகிறார்கள். முதல் கண் முடிந்ததும் நுண்ணோக்கியின் கை மறுபக்கம் திரும்புகிறது. டாக்டர் திரும்பி உட்கார்கிறார். ஒரு மணி நேரத்தில் ஆறு எட்டுக் கண்கள். இதில் டாக்டர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை சில நிமிடம்தான். மீதி அத்தனையும் 'சிஸ்டர்' என்று அங்கே அழைக்கப்படும் பெண்களின் வேலை. பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பு முடித்து வந்து, இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். அரவிந்தின் கதையில் இவர்களைத்தான் நான் முதலில் வைப்பேன். வேலையின் பெரும்பகுதியைச் சுமப்பது இவர்கள் கை.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1980-களில் வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலரைத் தொட்டது. ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, சோடாபுட்டியே போதும் என்று பன்னாட்டு நிபுணர்கள் பலர் நினைத்தார்கள். அப்பத்தாவின் கை சொம்புக்கு முன்னாலேயே மூடிக்கொண்டதை அவர்கள் பார்த்ததில்லை. செவா அறக்கட்டளையின் துணையோடும் டேவிட் கிரீனின் முயற்சியோடும் 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற அரவிந்தின் லென்ஸ் தொழிற்சாலை தொடங்கியது. லென்ஸ் விலை பத்து டாலர் அளவுக்கு வந்து, பிறகு அதற்கும் கீழே இறங்கியது. இன்று அந்த லென்ஸ்கள் நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. லண்டனில் ஒதுக்கப்பட்ட ஒரு எண்ணம், நாற்பது ஆண்டு கழித்து, பாயில் படுக்கிற நோயாளியின் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

பாயில் படுக்கிறவர் என்றேன். அரவிந்தில் காசு கொடுப்பவருக்குக் கட்டிலும் அறையும், இலவச நோயாளிக்குப் பாயும் பொது அறையும் என்பதை, இரண்டு ஜாதி வைத்தியம் என்று குறைசொல்பவர்கள் உண்டு. அறுவை முறையிலும் வேறுபாடு இருந்தது. காசு கொடுப்பவருக்கு, சார்லஸ் கெல்மன் 1967-இல் நியூயார்க்கில் தொடங்கிய, அதிர்வலையால் லென்ஸை உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோ; இலவச நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்குக் கையாலேயே செய்யும், தையல் தேவைப்படாத சிறு கீறல் முறை. குறைசொல்பவர்களின் கோபம் நியாயமான இடத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் நான் கேட்கும் கேள்வி வேறு. ஆறு வாரம் கழித்து அந்த இரண்டு கண்களுக்கும் என்ன தெரிகிறது? இரு முறைகளையும் ஒப்பிட்டு நேபாளத்தில் நடந்த ஆய்வும் மற்ற ஆய்வுகளும் பார்வையில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. கட்டில் இல்லாததைப் பொறுத்துக்கொள்ளலாம். பார்வையில் பாய் போட்டிருந்தால் பொறுத்திருக்கக் கூடாது.

கணக்கு வைக்கும் பழக்கம் அங்கே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு 2017-இல் வெளியான ஓர் ஆய்வு போதும். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் பதிவுகளைப் புரட்டினார்கள். அறுவை முடிந்ததும் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தைச் செலுத்தினால் சீழ் பிடிப்பது குறைகிறதா என்று பார்த்தார்கள். பத்தாயிரத்தில் ஏழு கண் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. எந்தத் தனி டாக்டரும், எத்தனை கைராசிக்காரராக இருந்தாலும், தன் ஆயுள் முழுக்கச் செய்த அறுவைகளை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டிருக்க முடியாது. அடுத்த ஊருக்குப் போய்விட்ட ஊசி வைத்தியருக்கும் இந்த ஏட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் நான் முன்னேற்றம் என்பேன்.

பார்வைத் திருத்தத்தின் இன்னொரு கிளை கையைப் பெருமளவு விலக்கிவிட்டது. அதன் வேரிலும் ஒரு சென்னைக்காரர். 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். எக்சைமர் லேசரின் புற ஊதா ஒளி அதில் பட்ட இடம், சுற்றியுள்ள திசு கருகாமல், கத்தியால் செதுக்கியதைவிடத் துல்லியமாக அகன்றது. கூட இருந்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவர் அதைக் கருவிழிக்குக் கொண்டுபோனார். லேசிக் பிறந்தது. சொடுக்குப் போடும் நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போகிறவர்கள் இன்று கோடிக்கணக்கில். அவர்களுக்குக் கண்ணாடி போட்டால் ஏற்கனவே தெரிந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தெரியாதவர்கள் ஏன் வரவில்லை? 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தபோது நான் அதிர்ந்தேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் முகாம் எட்டும் தூரத்தில் நடந்தும், கண் கோளாறு இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் வந்திருந்தார்கள். இலவசம் என்று சொல்லியும் அவ்வளவுதான். பயம், துணைக்கு வருகிறவரின் கூலி போவது, வயசாகிவிட்டதே இனி என்னத்துக்கு என்ற எண்ணம். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததும் ஒரு காரணம். அரவிந்த் முகாமிலிருந்தே பஸ் வைத்து அழைத்துப் போனது, சோறு போட்டது, ஊரில் கொண்டுவந்து விட்டது, பின்னாளில் சிற்றூர்களில் நிரந்தரக் கண் பரிசோதனை மையங்களைத் திறந்து திரை வழியே டாக்டரோடு பேச வைத்தது எல்லாமே இந்த ஏழு என்ற எண்ணுக்குச் சொன்ன பதில். என் அப்பத்தாவின் உடைந்த கண்ணாடிக்கும் அதுதான் பதில். அவருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே.

வெங்கடசாமி 2006 ஜூலை 7 அன்று, 87 வயதில் மறைந்தார். அதற்குள் தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று கிளைகள் எழுந்திருந்தன. இன்று அந்த மருத்துவமனைகளில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடக்கின்றன. அவர் தன் கையால் ஆயுள் முழுக்கச் செய்த ஒரு லட்சம், அவர் இல்லாமலேயே மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறது.

போன வருஷம் அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போனேன். போகும் வழியெல்லாம் ஒரே கேள்வி: "எந்த டாக்டர்டா? கைராசிக்காரரா?" எனக்குப் பெயர் தெரியவில்லை. மறுநாள் காலை கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, சொட்டு மருந்து விடும் முறையை ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். இருபது வயதிருக்கும். அம்மா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் பேரென்னம்மா?" என்றார். அவள் சொன்னாள். டாக்டர் பெயரை அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை.

மாட்டுத்தாவணியில் வெயில் ஏறிவிட்டது. நான் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவில் திரும்பிய ஒரு பஸ் இன்னும் நடைமேடைக்கு வரவில்லை. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"கோவில்பட்டி வண்டி. எந்திரி."